அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊதிய விட்டுக்கொடுப்பு ஒப்பந்தங்கள், 2003

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊதிய விட்டுக்கொடுப்பு ஒப்பந்தங்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவின் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்கும் அதன் மூன்று தொழிற்சங்கங்களுக்கும் இடையே 2003 ஏப்ரலில் உருவான ஒப்பந்தங்கள் ஆகும். நிறுவனம் திவால் மனு அளிப்பதைத் தவிர்க்கும் பொருட்டுத் தொழிலாளர்கள் இவற்றுக்கு இணங்கினர். வாக்கெடுப்பு முடிந்த கையோடு உயரதிகாரிகளுக்கான தனிச் சலுகைகள் வெளிவந்தமையால், நிறுவனத் தலைவர் டான் கார்ட்டி பதவி விலக நேர்ந்தது.

பின்னணி

2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களுள் இரண்டு இந்நிறுவனத்துக்கு உரியவை. அதன் பின்னர் பயணிகள் வருகை சரிந்தது. 2002ஆம் ஆண்டில் மட்டும் தாய் நிறுவனமான ஏ.எம்.ஆர். கார்ப்பரேசன் சுமார் 350 கோடி டாலர் நட்டம் அடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் யூ.எஸ். ஏர்வேசும், டிசம்பரில் யுனைட்டட் ஏர்லைன்சும் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றன. போட்டியாளர்கள் நீதிமன்றத்தின் நிழலில் ஊதியச் செலவைக் குறைக்கத் தொடங்கியதும், அதே குறைப்பை நீதிமன்றம் செல்லாமலே பெற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முயன்றது.

சட்ட நிலை

அமெரிக்க விமான நிறுவனங்களின் தொழிலுறவுகளை 1926ஆம் ஆண்டின் இரயில்வே தொழிலாளர் சட்டம் நெறிப்படுத்துகிறது. பெயர் இரயில்வே என்றிருப்பினும் 1936இல் இது வான்வழிப் போக்குவரத்துக்கும் விரிவாக்கப்பட்டது. இதன்படி ஓர் ஊதிய ஒப்பந்தம் குறித்த நாளில் காலாவதியாவதில்லை. புதியது கையெழுத்தாகும் வரை பழையதே நீடிக்கும். ஆகவே, வழமையான காலங்களில் நிர்வாகம் தன் விருப்பப்படி ஊதியத்தைக் குறைக்க இயலாது.

திவால் சட்டம் இந்நிலையை மாற்றிவிடுகிறது. 1983இல் பிராங்க் லொரென்சோவின் தலைமையில் இயங்கிய கான்டினென்டல் ஏர்லைன்ஸ் திவால் மனு அளித்து, தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் திவால் சட்டத்தில் 1113ஆம் பிரிவைச் சேர்த்து இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. நிறுவனம் முதலில் தன் முன்மொழிவைச் சங்கத்திடம் அளித்து, தேவையான தகவல்களைத் தந்து, நேர்மையுடன் பேச வேண்டும். சங்கம் தகுந்த காரணமின்றி மறுத்தால் மட்டுமே ஒப்பந்தத்தைக் கைவிட நீதிபதி அனுமதிக்கலாம். கட்டுப்பாடு என்றபோதிலும், நிர்வாகத்தின் கையில் இது வலிய ஆயுதமாகவே இருந்து வந்துள்ளது. பழைய ஒப்பந்தத்தையும் புதியதையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையில் சங்கம் இருப்பதில்லை. நீதிபதி விதிக்கக்கூடியதையும் அது எடைபோட வேண்டியுள்ளது. ஓய்வூதியத் திட்டம் கலைக்கப்பட்டால் அரசின் காப்பு நிறுவனம் ஒரு வரம்பு வரையே ஈடு செய்யும் என்பதும் உறுப்பினர்களை, குறிப்பாக விமானிகளை, அச்சுறுத்தும் காரணியாகும்.

ஏப்ரல் 2003

மார்ச் இறுதியில் தற்காலிக உடன்பாடு எட்டப்பட்டது. ஆண்டொன்றுக்கு விமானிகள் 66 கோடி டாலரும், பழுதுபார்ப்போர், சரக்கேற்றுவோர் முதலியோரைக் கொண்ட போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தினர் 62 கோடியும், விமானப் பணிப்பெண்கள் சங்கத்தினர் (இதில் ஆண்களும் உண்டு) 34 கோடியும் விட்டுக்கொடுப்பதாக ஏற்பாடு. சங்கம் சாராத ஊழியர்களையும் நிர்வாகத்தினரையும் சேர்த்து மொத்தம் 180 கோடி டாலர். விமானிகளின் ஊதியம் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது. பதிலாக, ஒரு பங்கு 5 டாலர் என்ற விலையில் நிறுவனப் பங்குகளை வாங்கும் உரிமை ஊழியர்களுக்கு வழங்கப்பட்டது.

ஏப்ரல் 15 அன்று முடிந்த வாக்கெடுப்பில் முதலிரு சங்கங்களும் ஒப்புதல் அளித்தன. பணிப்பெண்கள் சங்கம் குறைந்த வாக்கு வேறுபாட்டில் நிராகரித்தது. வாக்கெடுப்பு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. மறுநாள் முடிவு ஒப்புதலாக மாறியது.

அதே வேளையில், பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நிறுவனம் அளித்த ஆண்டறிக்கை வெளியானது. உயரதிகாரிகள் சிலர் 2005 தொடக்கம் வரை பதவியில் நீடித்தால் அடிப்படை ஊதியத்தைப் போல் இருமடங்கு ஊக்கத்தொகை பெறுவர் என்றும், 45 அதிகாரிகளின் ஓய்வூதியத்தைத் திவாலிலிருந்து காக்க 4.1 கோடி டாலர் தனி அறக்கட்டளையில் வைக்கப்பட்டுள்ளது என்றும் அதில் இருந்தது. இந்த ஏற்பாடுகள் 2002இலேயே செய்யப்பட்டிருந்தும் வாக்களித்தவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. தொகையைவிட இந்த மறைப்பே சினத்தை மூட்டியது எனலாம். சங்கங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெற முனைந்தன. கார்ட்டி மன்னிப்புக் கோரினார். ஊக்கத்தொகை கைவிடப்பட்டது, ஓய்வூதிய அறக்கட்டளை நீடித்தது. ஏப்ரல் 24 அன்று அவர் பதவி விலக, ஜெரார்ட் ஆர்ப்பி பொறுப்பேற்றார். ஒப்பந்தக் காலத்தை ஆறு ஆண்டுகளிலிருந்து ஐந்தாகக் குறைத்ததன் பின்னரே ஒப்பந்தங்கள் உறுதியாயின.

பின்விளைவுகள்

2005இல் யுனைட்டட் தன் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்களைக் கலைத்தது. டெல்டா, நார்த்வெஸ்ட் ஆகியவையும் அவ்வாண்டு திவால் மனு அளித்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் தப்பியது. இடையில் பங்கு விலை ஏறியபோது, 2006 முதல் உயரதிகாரிகள் பங்கு சார்ந்த வெகுமதிகள் பெற்றமை பழைய காயத்தைக் கிளறியது.

2011 நவம்பர் 29 அன்று ஏ.எம்.ஆர். தானும் திவால் மனு அளித்தது. 2012 ஆகஸ்டில் விமானிகள் புதிய முன்மொழிவை நிராகரித்தனர். அவர்களது ஒப்பந்தத்தைக் கைவிட நீதிபதி சான் லேன் முதலில் மறுத்து, திருத்திய மனுவின் மீது செப்டம்பரில் அனுமதித்தார். எனினும், இம்முறை சங்கங்களிடம் வேறொரு துருப்புச்சீட்டு இருந்தது. 2012 ஏப்ரலிலேயே மூன்று சங்கங்களும் தம் நிர்வாகத்தைக் கடந்து, போட்டி நிறுவனமான யூ.எஸ். ஏர்வேசுடன் இணைப்புக்கான ஊதிய விதிகளைப் பேசி முடித்திருந்தன. 2013 டிசம்பர் 9 அன்று இரு நிறுவனங்களும் இணைந்தன. யூ.எஸ். ஏர்வேசின் தலைவராயிருந்த டக் பார்க்கர் புதிய நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார்.