யார் பார்த்தது? மெய்நிகர் பந்தயம் பிறந்த கதை

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் ஓர் உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. அங்கே தரையோடு பொருத்திய, இடம் பெயராத இரண்டு சைக்கிள்கள். அவற்றுக்கு எதிரே ஒரு பெரிய வட்டத் தட்டு. அதில் சிவப்பு முள் ஒன்று, நீல முள் ஒன்று. ஆளுக்கொரு சைக்கிளில் ஏறி மிதித்தால் ஆளுக்கொரு முள் சுற்றும். 440 கஜம், அதாவது ஏறக்குறைய 400 மீட்டர் வரை தட்டில் அளவு போட்டிருந்தது. எந்த நிற முள் முந்துகிறதோ அந்தச் சைக்கிள்காரர் ஜெயித்தார்.

சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் பந்தயம் நடந்துவிட்டது. இன்று வீட்டு ஹாலில் டிவிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, கண்டம் தாண்டி இருப்பவரோடு போட்டி போடுகிறவர்களின் விளையாட்டு இங்கிருந்து நேராக வந்ததல்ல. ஆனால் அதன் மூலக் கேள்வி அப்போதே இருந்தது. பாதையும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை என்றால் யார் முந்தினார் என்று யார் சாட்சி சொல்வது? மெய்நிகர் பந்தயம் பிறந்து வளர்ந்த கதை, அந்தச் சாட்சியைத் தேடி அலைந்த கதைதான்.

நின்ற இடத்தில் மிதிப்பது டைட்டானிக்குக்கும் முந்திய வழக்கம். உருளைகள் மேல் சைக்கிளை ஏற்றி மிதிக்கவிட்டு, உருளை சுற்றிய கணக்கை முள்ளால் காட்டுவார்கள். 1899-இல் சைக்கிள் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற கறுப்பின வீரர் மேஜர் டெய்லர், அந்தக் காலகட்டத்தில் அமெரிக்காவின் கேளிக்கை அரங்க மேடைகளிலும் இப்படிப் பந்தயம் விட்டிருக்கிறார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். போட்டியாளர் இருவரும் ஒரே மேடையில், அரங்கம் நிறையக் கண்கள். சாட்சிக்குப் பஞ்சமில்லை.

போட்டியாளர்கள் வேறு வேறு ஊரில் இருந்தால்? அதற்கு வழி காட்டியது தபால். துப்பாக்கி சுடும் சங்கங்கள் அவரவர் ஊரிலேயே சுட்டு, ஓட்டை விழுந்த இலக்கு அட்டைகளை அனுப்பி மதிப்பெண்ணை ஒப்பிட்டன. டூவர் கோப்பைக்காக பிரிட்டனும் அமெரிக்காவும் கடலின் இருபுறமும் இருந்தபடி மோதியது இந்த முறையில்தான். அமெரிக்க மூத்த நீச்சல்காரர்களுக்குத் தபால் நீச்சல் என்றே ஒரு போட்டி உண்டு. உள்ளூர்க் குளத்தில் ஒரு மணி நேரம் நீந்த வேண்டும். கரையில் ஒருவர் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்வார். அந்தக் கணக்கு போட்டி நடத்துபவருக்குப் போகும். அட்டையில் ஓட்டை, கரையில் ஒரு மனிதர். சாட்சி சிறியதுதான், ஆனால் இருந்தது.

ஓட்டக்காரருக்கு அந்த வசதியும் இல்லை. தெருவுக்குத் தெரு நீளம் வேறு. கூடவே ஓடி எண்ண யாரும் வர மாட்டார்கள். 2006-இல் நைக்கியும் ஆப்பிளும் சேர்ந்து ஒரு சின்ன உணரியைக் கொண்டுவந்தன. இடது ஷூவின் உள்பட்டைக்குக் கீழே இருக்கும் குழியில் அதை வைத்தால், காலடிகளைக் கணக்கிட்டு ஐபாடுக்குத் தூரத்தைச் சொல்லும். 2008 ஆகஸ்ட் 31 அன்று நைக்கி 25 நகரங்களில் 10 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தியபோது, மற்ற ஊர்க்காரர்கள் ஷூவில் உணரியோடு தங்கள் தெருவிலேயே ஓடிக் கணக்கில் சேர்ந்தார்கள். சாட்சி மனிதரிடமிருந்து கருவிக்கு மாறியது.

இதற்கு ஓராண்டு முன்பே தொலைவிலிருந்தே பங்கேற்கும் ஓட்டத்தின் எல்லையை ஒருவர் தொட்டுவிட்டார். 2007 ஏப்ரல் 16, பாஸ்டன் மாரத்தான். அமெரிக்க விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் அப்போது சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தார். போட்டி அமைப்பாளர்கள் அவருக்கு 14,000 என்ற எண்ணை ஒதுக்கினார்கள். கீழே பாஸ்டனில் குளிரும் மழையும் காற்றும். மேலே அவருக்கு வேறு பிரச்சினை: எடையற்ற இடத்தில் ஒரு காலை உதைத்தாலே உடம்பு மிதந்து போய்விடும். தோளிலும் இடுப்பிலும் வார் கட்டி, ட்ரெட்மில்லோடு இழுத்துப் பிணைத்துக்கொண்டு ஓடினார். 42.2 கிலோமீட்டருக்கு 4 மணி 24 நிமிடம் ஆயிற்று. அதற்குள் நிலையம் பூமியை இரண்டு தடவைக்கு மேல் சுற்றிவிட்டது. 2016-இல் பிரிட்டனின் டிம் பீக் அதே நிலையத்திலிருந்து லண்டன் மாரத்தானை ஓடியபோது, லண்டன் தெருக்களும் எதிரே திரையில் ஓடிவந்தன.

சைக்கிள் பக்கம் கதை வேறு பாதையில் போனது. மிதிப்பவரின் உழைப்பை எண்ணாக்க முடிந்தால் தெருவே தேவையில்லை. 1986-இல் ஜெர்மன் பொறியாளர் உல்ரிக் ஷோபரர் பெடல் தண்டில் பதித்த மீட்டர் அதைச் செய்தது. மின்விசிறியின் பெட்டியில் இத்தனை வாட் என்று போட்டிருப்பதுபோல, மிதிக்கும் காலுக்கும் வாட் கணக்கு வந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் ரேஸர்மேட் நிறுவனம், சைக்கிளை நிறுத்தி மிதிக்க உதவும் ட்ரெய்னர் என்ற கருவியைக் கணினியோடு இணைத்து விற்றது. பின்சக்கரத்தைக் கழற்றிச் சங்கிலியை நேரடியாக மாட்டும் வகைகள் பிறகு வந்தன. திரையில் மேடு வந்தால் கருவியின் காந்தம் இறுகும், மிதி கனக்கும்.

குறையாக இருந்தது துணை மட்டும்தான். தனியாக அறையில் மிதிப்பது போல அலுப்பான வேலை கிடையாது. லண்டனில் வசித்த எரிக் மின் என்ற தொழில்முனைவோருக்கு, நண்பர்களோடு சேர்ந்து ஓட்டும் சுகம் வீட்டுக்குள் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஜான் மேஃபீல்ட் என்ற நிரலாளர், பொழுதுபோக்காக ட்ரெய்னருக்கு ஒரு முப்பரிமாண உலகத்தை எழுதி வைத்திருந்தார். இருவரும் இன்னும் சிலரோடு சேர்ந்து உருவாக்கிய மென்பொருள்தான் ஸ்விஃப்ட். 2014 செப்டம்பர் 30 அன்று சோதனை வடிவம் வெளியானது. முதல் பாதை பசிபிக்கில் ஆளில்லாத ஜார்விஸ் தீவில். அடுத்த ஆண்டு வட்டோபியா என்ற கற்பனைத் தீவு வந்தது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றுத் தடை குறைவதைக்கூட நிரல் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அங்கேதான் பழைய கேள்வி புது வடிவில் வந்து நின்றது. மேட்டில் வேகத்தைத் தீர்மானிப்பது வாட்டை உடல் எடையால் வகுத்து வரும் எண். 75 கிலோ ஆள் 300 வாட் மிதித்தால் 4. எடைக் கட்டத்தில் 65 என்று தட்டிவிட்டால் 4.6. கால் ஒரு துளி கூடுதலாக உழைக்கவில்லை. மலை மட்டும் தாழ்ந்துவிட்டது. வாட்டுக்குக் கருவி சாட்சி. எடைக்கு, தட்டிய விரலைத் தவிர சாட்சி இல்லை.

2019-இல் பிரிட்டிஷ் சைக்கிள் சம்மேளனம் முதல் தேசிய மெய்நிகர் பந்தயப் போட்டியை நடத்தியது. இறுதிச்சுற்றில் எல்லோரும் ஒரே அரங்கில்தான் மிதித்தார்கள். ஆனாலும் சில மாதங்கள் கழித்து வெற்றியாளரின் பட்டம் பறிபோனது. அவர் ஓட்டியது, ஸ்விஃப்டில் மொத்தம் 50,000 மீட்டர் ஏற்றம் ஏறினால் மட்டும் கிடைக்கும் மெய்நிகர் சைக்கிள். அந்த ஏற்றத்தை அவர் கால் ஏறவில்லை. நிரல் ஒன்று ஏறியிருந்தது. 250 பவுண்டு அபராதம், ஆறு மாதத் தடை. பந்தய நாளில் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு முந்திய நாட்களை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு கொரோனா வந்ததும் இந்த விளையாட்டே பிரதான வழியாகிவிட்டது. பாஸ்டன் மாரத்தான் தன் நூற்றாண்டு தாண்டிய வரலாற்றில் முதல் முறையாக நேரில் கூடாமல், செப்டம்பரில் அவரவர் ஊரிலேயே நடந்தது. அக்டோபர் 4 அன்று லண்டன் மாரத்தானை, செயலியைக் கையில் வைத்துக்கொண்டு, 24 மணி நேரத்துக்குள் 37,966 பேர் ஓடி முடித்தார்கள், கின்னஸ் சாதனை. நவம்பரில் டெல்லி அரை மாரத்தானில் முன்னணி வீரர்கள் மட்டும் களத்தில் ஓட, மற்றவர்கள் செயலி வழியே எங்கிருந்தோ ஓடினார்கள்.

அதே ஆண்டு கோடையில் அமெரிக்காவின் டென்னசியில், கொடூரமான பார்க்லி ஓட்டத்தை உருவாக்கிய லாசரஸ் லேக், சாட்சியே வேண்டாம் என்று ஒரு பந்தயம் வைத்தார். மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை மாநிலத்தைக் குறுக்கே கடப்பதற்குச் சமமாக 1,000 கிலோமீட்டர். நாளுக்குச் சராசரி எட்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓடலாம், நடக்கலாம், அன்றாடக் கணக்கை நீங்களே எழுதிக்கொள்ளலாம். 19,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பொய் சொல்லி ஜெயிக்க அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஏமாற்றினால் ஏமாறுவது ஏமாற்றியவர் மட்டும்தான்.

அந்த டிசம்பரில் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் முதல் மெய்நிகர் சைக்கிள் பந்தய உலகப் போட்டியை வட்டோபியாவில் நடத்தியபோது, போட்டியாளர்களின் வீடுகளுக்கு ஒரே மாதிரி ட்ரெய்னர்கள் போய்ச் சேர்ந்தன. தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்னும் ஜெயித்தார்கள். ஆஸ்போர்ன் அப்போது படகு வலிப்பவர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அதில் வெள்ளி வாங்கினார். பிறகு தொழில்முறை சைக்கிள் அணியிலும் சேர்ந்தார். தெருவில் தவறவிட்டிருக்கக்கூடிய ஓர் ஆளை வாட் எண் அடையாளம் காட்டியது.

2024 அக்டோபரில் அதே உலகப் போட்டியின் இறுதிச்சுற்று அபுதாபியில் நடந்தது. இந்த முறை வீட்டிலிருந்து அல்ல. தேறியவர்களை நேரில் வரவழைத்து, ஒரே அரங்கில், பார்வையாளர் முன்னிலையில் மிதிக்கச் செய்தார்கள். மீண்டும் ஆஸ்போர்ன் ஜெயித்தார். வீட்டை விட்டுக் கிளம்பாமல் போட்டி போடப் பிறந்த விளையாட்டு, உலகப் பட்டம் என்றதும் எல்லோரையும் விமானம் ஏறச் சொல்லிவிட்டது. பங்கேற்புப் பதக்கத்துக்கும் உடம்புக்கும் ஓடுகிறவரின் வார்த்தையே போதும். பட்டம் பெரிதானால் பக்கத்தில் நின்று பார்க்க மனிதர் வேண்டும்.