சூயஸ் கால்வாயும் ஒரு குளிர்காலக் கப்பற்பயணமும்

குளிர்கால விடுமுறையில் குடும்பத்தோடு கப்பலில் சென்று சூயஸ் கால்வாயைக் கடக்க வேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அத்தகைய பயணத்தைத் தேடுவோர் முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். உல்லாசக் கப்பல்கள் பல கோடையில் மத்தியதரைக் கடலிலும், குளிர்காலத்தில் வளைகுடாவிலோ ஆசியக் கடல்களிலோ உலவுகின்றன. ஆகவே அவை ஆண்டின் இறுதியில் தெற்கே வரும்போதும், வசந்தத்தில் வடக்கே திரும்பும்போதும்தான் சூயஸைக் கடக்கும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பின்னர், பல நிறுவனங்கள் அவ்வழியைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லத் தலைப்பட்டன. எனவே முன்பதிவு செய்யுமுன் கப்பல் உண்மையிலேயே கால்வாய் வழியாகத்தான் செல்கிறதா என்று கேட்டுத் தெளிவது நன்று.

பயணச்சீட்டு கிடைக்கட்டும், கிடைக்காமற் போகட்டும்; அக்கால்வாயின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் அவசியம். பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவை உற்று நோக்குமாறு இறைமறை நம்மைப் பலமுறை பணிக்கிறது. அவ்வாறு நோக்கத் தக்க இடங்களுள் சூயஸும் ஒன்று.

நைல் நதியையும் செங்கடலையும் இணைக்கும் கால்வாய் ஒன்று பண்டைக் காலத்திலேயே இருந்தது. பலமுறை தூர்ந்துபோன அதனை, எகிப்து இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்ததும் ஆளுநர் அம்ர் இப்னு அல்ஆஸ் (ரலி) மீண்டும் வெட்டுவித்தார். ஹிஜ்ரி 18-இல் ஹிஜாஸைப் பெரும் பஞ்சம் வாட்டியிருந்தது. அந்த நினைவு மாறாத காலம் அது. எகிப்தின் தானியம் கப்பலேறி மதீனாவின் துறைமுகமான அல்ஜாரை அடைய அக்கால்வாய் வழி திறந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணையால் வெட்டப்பட்டமையின், 'அமீருல் முஃமினீன் கால்வாய்' என்று அது பெயர் பெற்றது. பின்னாளில் மதீனாவில் கிளர்ச்சி எழுந்தபோது, அந்நகருக்கு உணவு செல்வதைத் தடுக்கும் பொருட்டு அப்பாஸியக் கலீஃபா மன்சூர் அதே கால்வாயை அடைத்துவிட்டார். பசித்தோர்க்குச் சோறு கொண்டு சென்ற நீர்வழி, பட்டினி போடும் கருவியாயிற்று.

இரு கடல்களையும் நேரடியாக இணைக்கும் எண்ணம் கலீஃபா ஹாரூன் அல்ரஷீதுக்கும் இருந்ததாக வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதுகிறார். அவ்வழியே ரோமர்களின் கப்பல்கள் வந்து ஹரம் ஷரீஃபில் இருப்போரையே பிடித்துச் சென்றுவிடும் என்று அமைச்சர் யஹ்யா இப்னு காலித் எச்சரித்தார்; கலீஃபா அந்த எண்ணத்தைக் கைவிட்டார். வழியைத் திறப்பவன் அவ்வழியே யார் வருவார் என்பதையும் எண்ணவேண்டும் என்ற அவ்வமைச்சரின் அச்சம், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு வடிவில் மெய்யாயிற்று.

1854-இல் எகிப்தின் ஆளுநர் சயீத் பாஷா, பிரெஞ்சுக்காரரான ஃபெர்டினாண்டு டி லெஸ்ஸெப்ஸுக்குக் கால்வாய் வெட்டும் உரிமையை வழங்கினார். 1859 ஏப்ரலில் பணி தொடங்கியது. எகிப்திய உழவர்கள் கிராமம் கிராமமாகக் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 20,000 பேர் என முறைவைத்து அவர்கள் பாலைவனத்தில் மண் சுமந்தனர். தொடக்க ஆண்டுகளில் குடிநீரே ஒட்டகங்களில்தான் வரவேண்டியிருந்தது. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. அதிபர் நாசர் 1956-இல் ஆற்றிய உரையில் 1,20,000 பேர் என்றார்.

சயீதுக்குப் பின் வந்த இஸ்மாயில் பாஷா கட்டாய வேலையை நிறுத்த முனைந்தார். அதற்கும் விலை கேட்கப்பட்டது. நடுவராக அமர்ந்த பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், எகிப்து நிறுவனத்துக்கு 8.4 கோடி ஃபிராங்கு இழப்பீடு தரவேண்டும் என்று 1864-இல் தீர்ப்பளித்தார். ஆயினும் இஸ்மாயில் ஆடம்பரத்தைக் குறைக்கவில்லை. 1869 நவம்பர் 17 அன்று கால்வாய் திறக்கப்பட்டபோது ஐரோப்பிய அரச குடும்பத்தினர் விருந்தினராக வந்தனர். பிரெஞ்சுப் பேரரசியின் கப்பல் முன்னே சென்றது. அவ்விழாவுக்கு முன்னதாகவே கெய்ரோவில் புதிய இசைநாடக அரங்கு ஒன்றும் எழுந்துவிட்டது. இவையெல்லாம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் நடந்தவை. கடனுக்கு வட்டி, வட்டி கட்ட மீண்டும் கடன் என்று சுமை பெருகி, 1876-இல் எகிப்தின் கடன் ஏறத்தாழ 9 கோடிப் பவுண்டை எட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே இஸ்மாயில் கால்வாயில் தமக்கிருந்த 44 விழுக்காட்டுப் பங்குகளை 40 இலட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனிடம் விற்றுவிட்டார். எகிப்தியர் உயிரைக் கொடுத்து வெட்டிய கால்வாயில் எகிப்துக்குப் பங்கில்லாமற் போயிற்று. பிரிட்டனும் பிரான்சும் நாட்டின் கருவூலத்தையே தம் கண்காணிப்பில் கொண்டுவந்தன.

இந்த இழிவைக் கண்டு கொதித்தெழுந்தவர் அஹ்மத் உராபி பாஷா. உழவர் குடும்பத்தில் பிறந்து படைத்தளபதியாக உயர்ந்தவர் அவர். 1882 ஜூலையில் ஆங்கிலேயக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கியது. கால்வாயை அடைத்துவிடுங்கள் என்று உராபியின் தோழர்கள் வற்புறுத்தினர். கால்வாய் நடுநிலையானது, ஆங்கிலேயர் அதனுள் படையோடு வரமாட்டார்கள் என்று லெஸ்ஸெப்ஸ் உறுதி கூறினார். உராபி அச்சொல்லை நம்பினார். ஆகஸ்டில் ஆங்கிலேயப் படை கால்வாய் வழியாகவே நுழைந்து இஸ்மாயிலியாவில் இறங்கியது. செப்டம்பர் 13 அன்று தல் அல்கபீரில் எகிப்தியப் படை முறியடிக்கப்பட்டது. வென்ற படையில் இந்தியத் துருப்புகளும் இருந்தன என்பதும், அவற்றுள் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவும் ஒன்று என்பதும் நம் மனத்தை உறுத்தும் செய்திகள்.

உராபிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை வாழ்நாள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் அவரும் தோழர் அறுவரும் குடும்பத்தினருடன் சூயஸ் துறைமுகத்தில் 'மரியோட்டிஸ்' என்னும் கப்பலில் ஏற்றப்பட்டனர். முன்னாள் பிரதமரும் கவிஞருமான மஹ்மூத் சாமி அல்பாரூதியும் அவர்களுள் ஒருவர். நாம் இன்று உல்லாசத்துக்காகத் தேடும் அதே பருவத்தில், அதே கடலில் அவர்கள் சென்றனர். 1883 ஜனவரி 10 அன்று கொழும்புத் துறையில் அவர்களைக் காண முஸ்லிம்கள் திரண்டனர்.

தோற்று வந்த அம்மனிதரை இலங்கைத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் தலைவராக மதித்தனர். 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்திய அறிஞர் சித்தி லெப்பை, சமுதாயத்தின் கல்விக்காக உழைத்து வந்தார். அவரும் வாப்பிச்சி மரைக்காரும் முனைந்து 1892-இல் மருதானையில் தொடங்கிய பாடசாலைக்கு உராபி பாஷா உறுதுணையாக நின்றார். அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. சித்தி லெப்பை 1885-இல் வெளியிட்ட, தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' எகிப்தைக் களமாகக் கொண்டதும் இங்கே நினைக்கத் தக்கது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1901-இல் உராபி தாயகம் திரும்பினார். தோழர்களுள் சிலர் இலங்கை மண்ணிலேயே அடக்கமாயினர். கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அவர் பெயரால் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

1956 ஜூலை 26 அன்று அலெக்சாந்திரியாவில் நாசர் உரையாற்றினார். அவ்வுரையில் 'லெஸ்ஸெப்ஸ்' என்ற பெயர் ஒலித்ததும் கால்வாய் அலுவலகங்களைக் கைப்பற்றவேண்டும் என்பதே ஏற்பாடு. ஏமாற்றியவரின் பெயரே விடுதலைக்குச் சங்கேதச் சொல்லாயிற்று. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் தொடுத்த போரையும் தாண்டிக் கால்வாய் எகிப்தின் உடைமையாகவே நிலைத்தது.

ஆகவே, அக்கால்வாயைக் கடக்கும் வாய்ப்பு என்றேனும் கிட்டினால், மேல்தளத்தில் நின்று பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஏறத்தாழ அரை நாள் நீளும் அக்கடப்பில் அதற்குப் போதிய நேரம் உண்டு. அப்பயணத்தை வட்டித் தவணையில் வாங்காதிருங்கள். பிறர் வியக்க வேண்டும் என்பதற்காகக் கடன்பட்ட ஓர் ஆட்சியாளரால் ஒரு நாடே எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நியப் படையைச் சுமந்தது. கப்பலேற வழியில்லாதோர் கண்டிக்குச் சென்று அவ்வில்லத்தைக் காணலாம். அனைத்தையும் இழந்து வந்தவர், தம்மை ஏற்ற மக்களுக்குக் கல்விக்கூடம் அமையத் துணை நின்றார். அந்தப் பாடம் அங்கேயும் கிடைக்கும்.

பயணங்களைப் படிப்பினையாக்கிக் கொள்ளும் நற்பேற்றையும், கடனின்றி வாழும் வரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.