பிரித்தானியத் துடுப்புச்சக்கர உல்லாசக் கப்பல்கள்

பிரித்தானியத் துடுப்புச்சக்கர உல்லாசக் கப்பல்கள் என்பவை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பிரித்தானியாவின் கழிமுகங்களிலும் கரையோரக் கடல்களிலும் மக்களை ஒருநாட் பயணமாக ஏற்றிச் சென்று திரும்பிய நீராவிக் கப்பல்கள் ஆகும். இரு பக்கங்களிலும் பொருத்தப்பட்ட பெரிய சக்கரங்கள் நீரைப் பின்னோக்கித் தள்ளுவதனால் இவை இயங்கின. பல நாட்கள் கடலிலேயே தங்கும் இன்றைய சொகுசுக் கப்பல்களோடு இவற்றை ஒன்றாகக் கருதலாகாது. காலையில் ஏறி மாலையில் வீடு திரும்பும் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களே இவற்றின் பயணிகளுள் பெரும்பகுதியினர்.

தோற்றம்

வில்லியம் சிமிங்டன் உருவாக்கிய சார்லட் டண்டாசு என்னும் நீராவிப் படகு 1803இல் ஸ்காட்லாந்தின் போர்த்-கிளைடு கால்வாயில் இரண்டு சரக்குப் படகுகளை இழுத்துச் சென்றது. சக்கரங்கள் எழுப்பும் அலை கால்வாயின் கரைகளை அரித்துவிடும் என்ற அச்சத்தால் அம்முயற்சி தொடரவில்லை.

ஐரோப்பாவில் வணிக முறையில் வெற்றி பெற்ற முதல் நீராவிக் கப்பற் சேவையை 1812இல் தொடங்கியவர் என்றி பெல் ஆவார். இவர் கிளைடு ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள ஹெலன்ஸ்பரோ என்னும் ஊரில் குளியல் வசதி கொண்ட ஒரு விடுதியை நடத்தி வந்தார். கிளாஸ்கோ நகரிலிருந்து அங்கு விருந்தினரை அழைத்து வருவதே அவருடைய நோக்கமாக இருந்தது. ஆகவே பிரித்தானியாவின் நீராவிக் கப்பற் போக்குவரத்து அதன் பிறப்பிலேயே உல்லாசப் பயணத்தோடு பிணைந்தது எனலாம். 1811இல் வானில் தோன்றிய பெரிய வால்வெள்ளியின் நினைவாக அக்கப்பலுக்கு காமெட் எனப் பெயரிடப்பட்டது. 1820இல் அது மேற்குக் கரையில் பாறையில் மோதி உடைந்தது. அதன் இயந்திரம் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அமைப்பும் இயக்கமும்

1845இல் பிரித்தானியக் கடற்படை, திருகு உந்தி பொருத்திய ராட்லர் என்னும் கப்பலையும் துடுப்புச்சக்கரம் கொண்ட அலெக்டோ என்னும் கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து எதிரெதிர்த் திசைகளில் இழுக்கச் செய்தது. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. பெருங்கடலைப் பொறுத்தவரை வருங்காலம் திருகு உந்திக்கே என்பது அடுத்த சில பத்தாண்டுகளில் தெளிவாயிற்று. அவ்வாறிருந்தும் கரையோர உல்லாசப் பயணத்தில் துடுப்புச்சக்கரம் மேலும் நூறாண்டு நிலைத்தமைக்கு அதன் சில இயல்புகளே காரணம்.

இக்கப்பல்கள் நீருள் அமிழும் ஆழம் குறைவு. ஆகையால் ஆழமற்ற கடற்கரை ஊர்களின் இறங்குதுறைகளை இவை எளிதில் அணுகின. சக்கரங்களை எதிர்த்திசையில் சுழற்றினால் கப்பல் விரைவாக நின்றுவிடும். மீண்டும் விரைவாகப் புறப்படும். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு துறைகளைத் தொட்டுச் செல்லும் கப்பலுக்கு இது பெரும் வசதியாகும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மேற்றளம் பக்கவாட்டில் நீட்டப்பட்டிருந்ததால், மெல்லிய உடலைக் கொண்ட கப்பலில் மிகுந்த பயணிகளுக்கு இடம் கிடைத்தது.

சக்கரத்தின் பலகைகள் நீருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்குமாறு மையம் விலகிய நெம்புகோல் அமைப்பு ஒன்று அவற்றைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இதனால் நீரை வீணாக அறைவது குறைந்தது. ஆனால் உல்லாசக் கப்பல்களில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இணைந்திருந்தன. ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் சுழற்ற இயலாது. பயணிகள் அனைவரும் வேடிக்கை பார்க்க ஒரே பக்கம் திரண்டால் அப்பக்கச் சக்கரம் ஆழத்தில் அமிழ, மறுபக்கச் சக்கரம் நீரைவிட்டு எழும். அப்போது கப்பலை நேராகச் செலுத்துவது கடினம்.

இயந்திர அறையைப் பயணிகள் நடைவழியில் நின்றே பார்க்க முடிந்தது. மெருகேற்றிய பெரும் இரும்புத் தண்டுகள் மெல்லென முன்னும் பின்னும் சென்று வருவதைக் காண்பது இப்பயணங்களின் ஈர்ப்புகளுள் ஒன்று.

கிளைடு கழிமுகம்

இக்கப்பல்கள் மிகச் செழித்த இடம் கிளைடு ஆகும். ஜூலை மாதத்தில் கிளாஸ்கோவின் ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் விடுமுறைக்காக மூடப்படும்போது நகரமே ஆற்றின் வழியாக டனூன், ரோத்சி, லார்க்ஸ் முதலிய ஊர்களுக்குப் பெயர்ந்தது. போட்டி நிறுவனங்களின் கப்பல்கள் ஒரே துறையை முதலில் அடைவதற்காகப் பந்தயம் ஓடின. தொடர்வண்டி நிறுவனங்கள் கப்பற் தொழிலில் இறங்கியபின் போட்டி மேலும் கடுமையாயிற்று.

கிளைடு கப்பல்களின் விரைவு அட்லாண்டிக்கின் மறுகரையிலும் அறியப்பட்டிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடமாநிலங்களின் கடல் முற்றுகையை ஊடுருவிச் செல்வதற்காகத் தென்மாநிலங்களின் முகவர்கள் இவற்றுட் பலவற்றை விலைக்கு வாங்கினர். அவ்வாறு வாங்கப்பட்ட அயோனா என்னும் கப்பல் 1862இல் கிளைடைக் கடக்குமுன்னரே வேறொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. அதே பெயருடைய அடுத்த கப்பல் 1864இல் லண்டி தீவருகே மூழ்கியது.

1853ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடியது. பயணத்தில் இருப்போருக்கு விலக்கு இருந்தமையால், ஞாயிறன்று மது அருந்துவதற்காகவே கப்பலேறியோர் பலர். 1882இல் இவ்வழியும் அடைக்கப்பட்டது. குடிபோதையைக் குறிக்கும் ஸ்காட்லாந்துப் பேச்சுச்சொல் ஒன்று நீராவிக் கப்பலின் பெயரிலிருந்தே வந்தது எனச் சொல்லப்படுவதுண்டு, அது ஐயத்துக்குரியது.

1901இல் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட கிங் எட்வர்ட், நீராவிச் சுழலியால் இயங்கிய உலகின் முதல் வணிகப் பயணிகள் கப்பலாகும். அதுவும் கிளைடு உல்லாசப் பயணத்துக்காகவே கட்டப்பட்டது.

தேம்ஸ் ஆறும் பிரின்சஸ் அலிஸ் விபத்தும்

இலண்டனிலிருந்து கிரேவ்சென்ட், சவுத்தென்ட், மார்கேட் ஆகிய ஊர்களுக்குக் கப்பல்கள் சென்றன. தாழ்ந்த கடல்மட்டத்திலும் கப்பல்கள் அணைய வேண்டும் என்பதற்காக சவுத்தென்டின் கடற்பாலம் படிப்படியாக நீட்டப்பட்டு 2 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது.

1878 செப்டெம்பர் 3ஆம் நாள் மாலை, பிரின்சஸ் அலிஸ் என்னும் துடுப்புச்சக்கரக் கப்பல் ஒருநாட் பயணத்தை முடித்து இலண்டன் திரும்பிக்கொண்டிருந்தது. வூல்விச்சுக்கு அருகே, நிலக்கரி ஏற்றும் கப்பலான பைவெல் காசில் அதன் நடுப்பகுதியில் மோதியது. பிரின்சஸ் அலிஸ் இரண்டாகப் பிளந்து சில நிமிடங்களில் மூழ்கியது. நகரின் கழிவுநீர் ஆற்றில் திறந்துவிடப்படும் இடத்துக்கு அருகிலேயே இது நிகழ்ந்தது. சற்று முன்னர்தான் அன்றைய கழிவு வெளியேற்றப்பட்டிருந்தது. பயணிகளுள் நீந்தத் தெரிந்தோர் மிகச் சிலர். நீண்ட உடைகள் பெண்களை நீருக்குள் இழுத்தன. பயணிகளின் பெயர்ப்பட்டியல் பேணப்படாமையால் இறந்தோர் எத்தனை பேர் என்பது திட்டமாகத் தெரியாது. 600க்கும் 700க்கும் இடைப்பட்ட எண்ணிக்கைகள் கூறப்படுகின்றன. பிரித்தானிய உள்நாட்டு நீர்வழிகளில் நிகழ்ந்த மிகப் பெரிய விபத்து இதுவே. அடையாளம் காணப்படாத பலர் வூல்விச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். அங்குள்ள நினைவுச் சிலுவை, 23,000 பேர் ஆளுக்கு ஆறு பென்சு வீதம் அளித்த நன்கொடையால் எழுப்பப்பட்டது.

பிரிஸ்டல் கால்வாய்க் கடற்பகுதியில், கிளைடிலிருந்து வந்து குடியேறிய கேம்பல் சகோதரர்களின் வெள்ளைப் புகைபோக்கிக் கப்பல்கள் புகழ்பெற்றன. அங்கு ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையே கடல்மட்டம் 12 மீட்டருக்கும் மேல் வேறுபடக்கூடும். ஆகவே பயண அட்டவணை கடிகாரத்தைவிட ஓதத்தையே பின்பற்றியது.

உலகப் போர்கள்

முதல் உலகப் போரில் கடற்படை இக்கப்பல்களைக் கண்ணிவாரிகளாகப் பயன்படுத்தியது. குறைந்த ஆழத்திலேயே மிதந்ததால் கடற்கண்ணிகளின் மேலாக இவை ஓரளவு பாதுகாப்பாகச் செல்ல முடிந்தது. இவை பயனளித்தமையைக் கண்டு கடற்படை தானும் துடுப்புச்சக்கரக் கண்ணிவாரிகளைக் கட்டியது. அவற்றுள் ஆஸ்கொட் என்பது, போர் நிறுத்தத்துக்கு முந்தைய நாளான 1918 நவம்பர் 10 அன்று நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில், 1940 மே இறுதியில் டன்கர்க் கடற்கரையில் சிக்கிய படைகளை மீட்க இவை மீண்டும் சென்றன. விடுமுறைக் கூட்டத்தை ஏற்றிய அதே தளங்களில் படைவீரர்கள் நெருங்கி நின்றனர். மெட்வே குவீன் ஏழு முறை சென்று ஏறத்தாழ 7,000 பேரை மீட்டது. இழப்பும் பெரிது. 1899இல் கட்டப்பட்ட வேவர்லி மே 29 அன்று குண்டுவீச்சில் மூழ்கியது. அதிலிருந்த வீரர்களுள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நாளில் தேம்ஸ் கப்பலான கிரெஸ்டட் ஈகிள் தீப்பற்றிக் கரையேறியது. அதன் எலும்புக்கூட்டை இன்றும் வற்றுக் காலத்தில் டன்கர்க்கின் கிழக்கே மணலில் காணலாம்.

வீழ்ச்சி

போருக்குப் பின் சில புதிய கப்பல்கள் கட்டப்பட்டன. 1953இல் லோமண்ட் ஏரியில் இறங்கிய மெய்டு ஆஃப் த லோக் அவ்வரிசையில் கடைசியானது. ஆனால் தன்னுந்துகளும் வெளிநாட்டு விமானச் சுற்றுலாக்களும் பயணிகளைக் கொண்டுசென்றன. பராமரிப்புச் செலவு தாங்காமல் கடற்பாலங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அணையத் துறையில்லாத கப்பலுக்கு வேலையும் இல்லை. தேம்ஸில் டீசல் உல்லாசக் கப்பல்களும் 1966உடன் நின்றன. பிரிஸ்டல் கால்வாயின் கடைசித் துடுப்புச்சக்கரக் கப்பலான பிரிஸ்டல் குவீன் 1967இல் நிறுத்தப்பட்டது. கிளைடின் கலிடோனியா இலண்டனில் மதுவிடுதியாக மாற்றப்பட்டு 1980இல் தீக்கிரையாயிற்று.

வேவர்லி

டன்கர்க்கில் மூழ்கிய கப்பலின் பெயரையே தாங்கிய புதிய வேவர்லி, கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1946 அக்டோபர் 2இல் நீரில் இறக்கப்பட்டு, 1947 ஜூனில் சேவைக்கு வந்தது. வால்டர் ஸ்காட்டின் புதினத்திலிருந்து இப்பெயர் பெறப்பட்டது. நீளம் ஏறத்தாழ 73 மீட்டர். 1957இல் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றப்பட்டது. 1973இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டபின், 1959இல் தோன்றிய துடுப்புச்சக்கரக் கப்பல் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஒரு பவுண்டு விலைக்கு விற்கப்பட்டது.

கப்பல் கரையோரக் காட்சிப்பொருளாகவே முடியும் எனப் பலர் எண்ணினர். ஆர்வலர்களைக் கொண்ட சங்கம் பொதுமக்களிடம் நிதி திரட்டி 1975 மே மாதத்தில் அதனை மீண்டும் ஓடச் செய்தது. 1977இல் டனூனுக்கு அருகே பாறையில் மோதிச் சேதமுற்றது. கிளைடில் மட்டும் ஓடிப் பிழைக்க இயலாமையால் 1978 முதல் தேம்ஸ், தென்கரை, பிரிஸ்டல் கால்வாய் ஆகிய பகுதிகளுக்கும் சென்றது. 2000க்கும் 2003க்கும் இடையில் பெரும் புதுப்பிப்பு நடந்தது. 2019இல் கொதிகலன்கள் பழுதாகி ஓர் ஆண்டுப் பருவமே இழக்கப்பட்டது. 23 இலட்சம் பவுண்டு திரட்டிப் புதியவை பொருத்தப்பட்டன. 2020 ஆகஸ்டில் சேவைக்குத் திரும்பி, செப்டெம்பர் 3 அன்று ஆரன் தீவின் பிராடிக் துறையில் மோதியதில் பயணிகள் பலர் காயமுற்றனர். பழுது நீக்கப்பட்டபின் மீண்டும் ஓடத் தொடங்கி, 2025இல் பாதுகாப்புச் சேவையின் ஐம்பதாம் ஆண்டை எட்டியது. பயணிகளை ஏற்றிக் கடலில் ஓடும் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் உலகில் இஃது ஒன்றே.

எஞ்சிய பிற கப்பல்கள்

1924இல் கட்டப்பட்ட கிங்ஸ்வேர் காசில், டார்ட் ஆற்றில் நிலக்கரியாலேயே ஓடுகிறது. மெட்வே குவீனின் உடற்பகுதி சிதைந்துவிட்டமையால், பிரிஸ்டலில் பழைய முறைப்படி தறையாணிகள் கொண்டு புதிதாகக் கட்டப்பட்டு 2013இல் கில்லிங்காமுக்கு இழுத்து வரப்பட்டது. ஹம்பர் ஆற்றுப் படகுச் சேவையில் இருந்த மூன்றனுள் டாட்டர்ஷால் காசில் இலண்டனில் உணவகமாகவும், விங்ஃபீல்டு காசில் ஹார்ட்டில்பூலில் அருங்காட்சியகக் கப்பலாகவும் ஆயின. மூன்றாவதான லிங்கன் காசில், காப்பாற்ற ஒரு குழுவினர் முயன்றும் 2010இல் உடைக்கப்பட்டது.