விலைக்கு ஆணி அடிக்க முடியுமா?

சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி என் ஊர். ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலுக்கு வண்டி கட்டி வந்த கதை பேசும் எங்க ஊர்ப் பெரியவர்கள், கூடவே 'கண்ட்ரோல் காலம்' என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்கு அது புரிந்ததில்லை.

1939-இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 81-ஆவது விதிப்படி ஒரே உத்தரவில் அரசு பொருள்களுக்கு உச்சவிலை வைக்கலாம். அவ்வளவு அதிகாரம்!

ஆனால் 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. ரங்கூன் அரிசி நின்றது. அந்த ஆண்டு வங்காள அரசு அரிசிக்கு உச்சவிலை வைத்தது. என்ன ஆச்சு? அரிசி கடையை விட்டே மறைந்தது. 1943 மார்ச்சில் கட்டுப்பாட்டையே கைவிட்டார்கள், விலை எகிறியது. பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

பாய்லரின் பிரஷர் கேஜ் முள்ளைப் பிடித்து நிறுத்தினால் உள்ளே அழுத்தம் குறையுமா? நெல்லைக் கொள்முதல் செய்து ரேஷனில் அளந்து போட்டால்தான் குறித்த விலை நிற்கும். 1943-இல் சென்னை நகரில் ரேஷன் வந்தது இதனால்தான்.

இன்னொரு எல்லை சட்டத்திலேயே இருந்தது. போரோடு அந்த அதிகாரமும் முடிய வேண்டும். அதனால்தான் 1946-இல் அத்தியாவசியப் பொருள்களுக்குத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. 1952-இல் ராஜாஜி சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் அதிகாரியாகிக் கையெழுத்துப் போடும்போது, முதலில் கிட்டங்கியில் எத்தனை மூட்டை இருக்குன்னு பாருங்க!