கோடைக்கு வந்த மாரி விழா

வடகோளத்து மாரிக்கால விழாவான நத்தார், 1788இல் சிட்னியில் நிறுவப்பட்ட பிரித்தானியக் கைதிக் குடியேற்றத்தோடு அவுஸ்திரேலியக் கோடையினுட் புகுந்தது. கொதிக்கும் வெயிலில் வாட்டிய இறைச்சியும் சூடான 'பிளம் புடிங்'கும் உண்ணப்பட்டன. வாழ்த்து அட்டைகளிலோ வெண்பனி பெய்தது. இதனை வெறும் தாயக ஏக்கமென நாம் ஒதுக்கிவிடல் தகாது. அடுப்படியில் வெந்தோர் யார் என்பதும் கேட்கப்படவேண்டிய வினாவே. நிலம் பறிக்கப்பட்ட ஆதிக்குடிகளிடம் அந்நிலத்திற்கேயுரிய பருவக் கணக்குகள் இருந்தன. ஆட்சியாளரின் நாட்காட்டி அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பிற்காலத்தில் நீலமலை விடுதிகள் யூலை மாதத்தில் இன்னொரு நத்தாரை விற்கத் தொடங்கின, குளிரும் பண்டமாயிற்று! நியூசிலாந்தில் நிகழ்ந்தது வேறு. மாவோரியரின் மாரிப் புத்தாண்டான 'மதாரிகி' 2022இல் அரச விடுமுறையாயிற்று. நாம் கார்த்திகை என்றழைக்கும் விண்மீன் கூட்டம் மாரி விடியலில் மீளத் தோன்றுவதே அதற்கு அடையாளம்.