அடுப்புப் புகையும் பிறக்கும் குழந்தையின் எடையும்

கருவுற்ற பெண் சுவாசிக்கும் புகைக்கும் அவளுக்குப் பிறக்கும் குழந்தையின் எடைக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்திய ஆய்வுகளில் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களுக்குத் தனி இடம் உண்டு. அவற்றுள் ஒன்று, பழைய விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியிலும் நடந்தது.

பின்னணி

திண்டிவனம், மரக்காணம், பிரம்மதேசம் வட்டாரங்களில் நெடுங்காலம் சவுக்கு விறகு, முள் விறகு, வரட்டி ஆகியவையே அடுப்பெரிக்கும் பொருள்கள். கூரை வீட்டின் மூலையில் எரியும் விறகடுப்பின் புகை வெளியேற வழி குறைவு. சமைப்பவர் பெண் என்பதால் புகையின் பெரும்பங்கும் அவருக்கே. கருவுற்ற மாதங்களிலும் அந்த வேலை நிற்பதில்லை.

விறகுப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தாயின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. பெல்ஜியத்தில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நச்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலும் கரித்துகள்கள் இருப்பதைக் காட்டியது.

தொடக்க கால ஆய்வுகள்

1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித்தும் உடன் பணியாற்றியவர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தனர். தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 436 ஊர்ப்புற வீடுகளில் இத்தகைய அளவீடு செய்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர்.

2009இல் வெளியான மற்றோர் ஆய்வு, தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் பிறந்த 11,728 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தது. அவர்களின் வீடுகளில் 92 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் விறகோ வரட்டியோ முதன்மை எரிபொருளாக இருந்தது. அவ்வீடுகளில் எடை குறைந்து, அதாவது 2,500 கிராமுக்கும் கீழாக, குழந்தை பிறக்கும் வாய்ப்பு 49 விழுக்காடு கூடுதல். ஆறு மாதத்துக்குள் குழந்தை இறக்கும் வாய்ப்பு 21 விழுக்காடு கூடுதல்.

பின்னர் ஸ்ரீ ராமச்சந்திரா குழு 1,285 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. கருக்காலத்தில் நுண்துகள் அளவு ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதாக 2018இல் அறிவித்தது. எண் சிறியதுதான். ஆனால் அடுப்படியில் புகை பத்துப் பத்தாகக் கூடுவதில்லை, நூற்றுக்கணக்கில் கூடுகிறது.

கள்ளக்குறிச்சி ஆய்வு

புகை மிகுந்த வீடு பெரும்பாலும் ஏழை வீடாகவும் இருக்கும். அப்படியானால் எடையைக் குறைப்பது புகையா, வறுமையா? இதற்கு விடை காண 2018இல் 'ஹாப்பின்' என்ற பன்னாட்டு ஆய்வு தொடங்கியது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு இந்தியாவில் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும் களங்களாயின. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும்வரை கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் 18 மாதங்களுக்கு இலவசமாகத் தரப்பட்டன. மறு பிரிவினர் வழக்கம்போல் விறகில் சமைத்தனர். பெண்கள் சுவாசிக்கும் துகளின் இடைநிலை அளவு விறகுப் பிரிவில் 70.7 மைக்ரோகிராம், எரிவாயுப் பிரிவில் 23.9.

புகை இவ்வளவு குறைந்தும், 2022இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. எரிவாயுப் பிரிவின் குழந்தைகள் சராசரியாக 19.8 கிராம் மட்டுமே கூடுதல் எடையுடன் பிறந்தனர். புள்ளியியல் நோக்கில் அது உறுதியான வேறுபாடு அன்று. எனினும் அதே பெண்களின் அளவீடுகளைக் கொண்டு 2023இல் வெளியான பகுப்பாய்வு, கூடுதல் புகையைச் சுவாசித்த தாய்மாரின் குழந்தைகள் சற்று எடை குறைந்து பிறந்ததைக் காட்டியது.

விளைவும் பொருளும்

இம்முடிவுகளைப் புகையால் தீங்கில்லை என்று கொள்ள முடியாது. பெண்கள் கருவுற்று 9 முதல் 20 வாரங்களுக்குள்தான் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். நச்சுக்கொடி உருவாகும் முதல் வாரங்களில் அவர்கள் அனைவரும் விறகுப் புகையில்தான் இருந்தனர். எரிவாயு வந்த பின்னும் காற்றிலிருந்த துகள், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பான 5 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு அதிகம். தாயின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் எடையைக் குறைக்கும் பிற காரணங்கள்.

தமிழ்நாட்டு அரசு 2006க்குப் பின் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016 மே 1இல் தொடங்கியது. இணைப்பு வந்த வீடுகளிலும் சிலிண்டர் வாங்கப் பணமில்லாத மாதத்தில் விறகடுப்பு மீண்டும் எரிகிறது. கருவுற்றதாகச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும் நாளில் எரிவாயுவுக்கு மாறுவது ஓரளவே உதவும். பெண் கருவுறும் முன்பே அடுப்படி புகையற்றதாக இருக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வு வரலாறு உணர்த்தும் பாடம்.