பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள்

நமது நாட்டின் கல்வி வரலாற்றை எழுதியோர் பாடசாலைகளை நிறுவியவர்களைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். பாதிரிமாரும், நாவலர் பெருமானும், மந்திரிமாரும் அவ்வரலாற்றில் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளனர். அது வேண்டியதே. ஆனால் பாடசாலையைக் கட்டுவது ஒன்று. கட்டிய பாடசாலைக்குப் பிள்ளையை நாள்தோறும் அனுப்பி, பத்தாண்டுக் காலம் அங்கே நிலைத்து நிற்கச் செய்வது வேறொன்று. இந்த இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் தாய் தந்தையர். அவர்களுடைய பெயர்கள் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் துணை நிற்பது அன்பின் காரியம் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அன்பு எல்லாக் குடிசைகளிலும் இருந்தது. ஆனால் எல்லாக் குடிசைப் பிள்ளைகளும் படித்துவிடவில்லை. இது ஏன் என்று கேட்பதே வரலாற்று மாணவனின் கடமை.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். அங்கே உண்டியும் உடையும் கல்வியோடு சேர்த்து வழங்கப்பட்டன. வறிய பெற்றோர் முன் நின்ற கேள்வி, பிள்ளை என்ன படிக்கும் என்பது மட்டுமன்று. பிள்ளை எந்த மதத்தவனாகத் திரும்பி வருவான் என்பதுமாகும். அந்தக் கேள்விக்கு விடையாகவே 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. சைவப் பாடசாலைகளை நடத்துவதற்கு வீடுகள்தோறும் பிடியரிசி திரட்டப்பட்டது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துப் புறம்பாக வைத்த தாய், தன் பிள்ளைக்கு மட்டுமன்றி ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வைத்தாள். தனிக் குடும்பத்தின் பொறுப்பு ஊரின் பொறுப்பாக மாறியதற்கு இது நல்ல சான்றாகும். எனினும் அந்த ஊர் என்பது யாருடைய ஊர் என்ற கேள்வியையும் நாம் கேட்டே ஆகவேண்டும்.

தாழ்த்தப்பட்டவர் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. திறந்த இடங்களிலும் வாங்கில் அமரும் உரிமை இருக்கவில்லை. பிள்ளை தரையில் இருந்தே எழுத்தைப் பயின்றது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற அரசாங்கக் கட்டளை 1929-30 ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் சாதிமான்கள் வெகுண்டெழுந்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. எரிந்த கொட்டிலுக்கு அடுத்த நாளும் தன் மகனை அனுப்பத் துணிந்த ஒரு தந்தையின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கொப்பிக்கும் பென்சிலுக்கும் அப்பால், பிள்ளைக்கு அவன் முதலில் வழங்க வேண்டியிருந்தது துணிவு.

ஆங்கிலமும் இவ்வாறே ஒரு மதிலாக நின்றது. தாய்மொழிப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. அங்கே படித்தவனுக்கு உயர்ந்த உத்தியோகமும் இல்லை. உத்தியோகம் தந்த ஆங்கிலப் பாடசாலை கட்டணம் கேட்டது. காணியை ஈடு வைத்தும், தாலிக்கொடியை அடகு வைத்தும் ஒரு மகனை ஆங்கிலம் படிக்க வைத்த குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் தியாகத்தை நாம் போற்றுகின்றோம். ஆனால் அந்த ஒரு மகனுக்காகப் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்காவையும் தங்கையையும் அந்தப் போற்றுதலில் மறந்துவிடலாகாது.

மலைநாட்டிலே நிலைமை இன்னும் கொடியது. தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிப்பது தோட்டத் துரையின் பொறுப்பு என 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆனால் 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமோ ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலியை வகுத்தது. ஒரு சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தது. மற்றொரு சட்டம் அதே பிள்ளைக்குக் கூலி நிர்ணயித்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, பொழுது சாயும்வரை கொழுந்து பறித்த தாய், லயத்தில் கைக்குழந்தையைப் பார்ப்பதற்கு மூத்த மகளை நிறுத்தினாள் என்றால், அது அவளுடைய அறியாமையா? வயிறு நிறையாத கூலியின் கணக்கே அவளுக்காக முடிவு செய்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாத பெற்றோரின் குரலை எந்த மந்திரி கேட்பார்? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான்.

1931 இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை இல்லாமல் இலவசக் கல்வி வந்திராது என்பது நம் கருத்து. வாக்குள்ள பெற்றோர் நாட்டில் தோன்றிய பின்னரே, கல்வி மந்திரி சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கை செயல்வடிவம் பெறக்கூடியதாயிற்று. 1945 ஒக்டோபர் 1 ஆம் தேதி முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கல்வி வழங்கப்பட்டது. மத்திய மகா வித்தியாலயங்களும் புலமைப்பரிசில்களும் கிராமத்துப் பிள்ளைக்கு விடுதி வாசலைத் திறந்தன. இவற்றோடு ஒப்பிடத்தக்க மற்றொரு மாற்றம், ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியானதாகும். பிள்ளை உரத்து வாசிப்பதைக் கேட்டு, எழுத்தறியாத தாயும் பொருளை விளங்கிக்கொண்டாள், "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்கும் தகுதி அவளுக்கு வந்தது. பாடத்திற்கும் வீட்டிற்கும் இடையே நின்ற மதில் அன்றே முதன்முறையாக இடிந்தது.

கட்டணம் ஒழிந்ததே அன்றிச் செலவு ஒழியவில்லை. 1980 இல் இலவசப் பாடநூல்களும், 1993 இல் இலவசச் சீருடையும் வந்தன. இவை பெற்றோரின் பாரத்தை மெய்யாகவே குறைத்தன. ஆனால் முன்வாசலால் வெளியேறிய கட்டணம் ரியூஷன் என்னும் பின்வாசலால் உள்ளே வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை வறிய பிள்ளைக்கு வழிகாட்டவே ஏற்பட்டது. இன்று அதற்காகவே சிறு பிள்ளைகள் காலையும் மாலையும் தனியார் வகுப்புகளுக்கு ஓடுகின்றனர். 2020-21 இல் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி இல்லாத வீடு வகுப்பில்லாத வீடாயிற்று; அலைவரிசை தேடிப் பிள்ளைகள் மலைமேடுகளில் ஏறினர். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமையால் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்த ஆண்டில் ஒரு கொப்பியின் விலை கூலிக்காரத் தகப்பனுக்கு என்னவாக இருந்தது என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. பிள்ளைக்குத் துணை நிற்பதற்குப் பெற்றோருக்கு ஓய்வு நேரம் வேண்டும். அதற்குக் கூலி போதியதாக இருக்க வேண்டும். பாடசாலையில் மதிப்பு வேண்டும். அதற்குச் சாதியும் வர்க்கமும் வகுத்த ஆசனங்கள் ஒழிய வேண்டும். பாடத்தோடு தொடர்பு வேண்டும். அதற்கு அவர்களுடைய மொழியிலே ஆசிரியர் அவர்களோடு பேச வேண்டும். இவை இல்லாத இடத்தில் "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று கூறுவது, பாதிக்கப்பட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகும்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர் கூட்டத்திற்கு வராத தாயின் பெயருக்கு நேரே வெறும் கோடு போட்டுவிட்டு நாம் அமைதியடையலாகாது. அவள் அந்நேரத்தில் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்போம். அவளுடைய வேலை முடியும் வேளையில் கூட்டத்தை வைப்போம். மாணவ நண்பர்களே, நீங்கள் கற்ற எழுத்தில் யாரோ ஒருத்தியின் பிடியரிசி கலந்திருக்கிறது. அக்கடனை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்துத் தீர்க்கத் தொடங்கலாம். பிடியரிசியை ஊருக்குள் யாரையும் விலக்காமல் மீண்டும் திரட்ட வேண்டிய காலம் இது.